நம் ஊர்க் குளங்களில் நம் ஊர் மீனை விடுங்கள்: மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் பொதுச் சுகாதாரத் துறைக்கும், மண்டலங்களில் கொசு ஒழிப்புப் பணியைக் கவனித்துவரும் பூச்சியியல் வல்லுநர்களுக்கும்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கொசுப்புழுக்களைத் தின்பதற்காக நகரத்தின் கிணறுகளிலும் குளங்களிலும் கம்பூசியா மீன்களை விடுவது நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். திறந்த குளங்கள், ஏரிகள், கோயில் தெப்பக்குளங்கள் ஆகியவற்றிலாவது அந்த மீனை விடுவதை நிறுத்திவிட்டு, அதே வேலையைச் செய்யக்கூடிய, சென்னைப் பகுதியில் இயல்பாகவே வாழும் கில்லி என்னும் சிறு மீன்களை விடவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். வீட்டுத் தொட்டிகளில் இந்த மீன்களை வளர்த்து, முட்டையெடுத்து, குஞ்சு பொரிக்க வைத்து வருபவன் என்ற முறையில், இது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதையும், எங்கெங்கே இடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

கில்லி மீன் என்றால் கடைக்காரர்கள் பலருக்கும் நினைவுக்கு வருபவை ஆப்பிரிக்க வண்ண மீன்கள்தான். மழைக்காலக் குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் சேற்றில் முட்டையிட்டுவிட்டு மடிந்துபோகும் நோத்தோபிராங்கியஸ் வகையின் அழகில் மயங்காத மீன் வளர்ப்பாளர் அரிது. நான் பேசவந்தது அவற்றைப் பற்றியன்று. இந்தியாவிலும் அப்ளோகைலஸ் என்ற கில்லிப் பேரினம் இருக்கிறது. பஞ்சாக்ஸ் என்று வளர்ப்பாளர்கள் அழைக்கும் மீன்கள் இவையே. இவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்றான அப்ளோகைலஸ் பார்வஸ், 1916-இல் பி. சுந்தரராஜ் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியாகவே அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. சென்னையில் மீன் வளர்ப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு வருத்தம்.

தொட்டியை மேலிருந்து பார்த்தால் இந்த மீனின் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். முதுகு தட்டையாகவும் வாய் மேல்நோக்கியும் அமைந்திருப்பதால், நீர்மட்டத்துக்குக் கீழே அசையாமல் நின்று, மேலே வருவதைக் கவ்வுவதே அதன் இயல்பு. அனாபிலிஸ் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடைமட்டமாகக் கிடந்து மூச்சுவிடும். க்யூலெக்ஸ், ஏடிஸ் கொசுக்களின் புழுக்கள் மூச்சுக்குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். இரண்டுமே இந்த மீன் காத்து நிற்கும் இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு கரண்டி கொசுப்புழுவைத் தொட்டியில் ஊற்றினால், ஆண் மீன் துடுப்புகளை விரித்துக்கொண்டு முன்னே பாய்வதும், பெண் மீன் செடியோரமாக ஒதுங்கும் புழுவைத் தேடித் தேடிப் பிடிப்பதும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது.

இது வெறும் பொழுதுபோக்காளனின் ஆசை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. 1990-களில் கோவாவில், அப்பகுதிக்குரிய அப்ளோகைலஸ் பிளாக்கி என்ற சிறிய கில்லி மீனை, பி.டி.ஐ. எனப்படும் நுண்ணுயிர்ப் புழுக்கொல்லியோடு சேர்த்து மலேரியாவுக்கு எதிராகப் பயன்படுத்திக் கள ஆய்வு நடந்திருக்கிறது. அங்கே இலக்காக இருந்த அனாபிலிஸ் ஸ்டெஃபன்சிதான் சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் மலேரியாவைப் பரப்பும் கொசு. நம் பார்வஸ், அந்த பிளாக்கிக்கு மிக நெருங்கிய உறவு.

கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அது புழுவைத் தின்னும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்கல், அது புழுவோடு நிற்பதில்லை என்பதுதான். தவளை முட்டைகள், தலைப்பிரட்டைகள், பிற மீன்களின் குஞ்சுகள் எல்லாம் அதற்கு இரை. அது முட்டையிடுவதில்லை, நேரடியாகக் குட்டி போடும். ஒருமுறை இணைந்த பெண் மீன், ஆணின் விந்தணுக்களை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் குட்டி போடக்கூடியது என்பதால், சினைப்பட்ட ஒரே ஒரு மீன் போதும், ஒரு குளம் நிறைந்துவிடும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. இந்தியாவிலும் இதை ஊடுருவல் இனமாகத் தேசியப் பல்லுயிர் ஆணையம் குறிப்பிட்டிருக்கிறது. அந்த ஆணையத்தின் அலுவலகம் இருப்பது வேறெங்கும் அன்று, நம் தரமணியில்.

குளத்தில் விட்ட மீன் குளத்தோடு இருந்துவிடும் என்று சென்னையில் யாரும் சொல்ல முடியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏரி எது, தெரு எது என்று தெரியாமல் தண்ணீர் ஓடியதை நாம் கண்டோம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போய்ச்சேருகிறது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற அந்த நிலத்தைக் காப்பதற்காக ஒரு துறை செலவிடும்போது, அதன் மேல்நிலைக் குளங்களில் இன்னொரு துறை ஊடுருவல் மீனை விடுவது பொருத்தமாகப் படவில்லை.

இனி, எங்கே இடிக்கும் என்பதைச் சொல்கிறேன். கம்பூசியாவைப் போல பஞ்சாக்ஸ் மளமளவென்று பெருகாது. நாளுக்குச் சில முட்டைகள் என்ற கணக்கில், நாட்கணக்காகத் தொடர்ந்து இடும் மீன் இது. நாங்கள் கரும்பச்சைக் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டி, மேல்முனையில் ஒரு தெர்மாகோல் துண்டைக் கோத்து மிதக்க விடுவோம். மீன் அந்த நூலிழைகளுக்குள் புகுந்து ஒவ்வொன்றாக முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். நூலைப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்தால், கண்ணாடி மணிபோல முட்டைகள் தெரியும். தோல் உறுதியானது என்பதால் விரலாலேயே எடுக்கலாம், உடையாது. பூஞ்சை பிடித்து வெளுத்தவற்றை அன்றாடம் நீக்கினால், மற்றவை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிக்கும். குஞ்சுகளை முன்பின்னாகப் பிறந்தவை என்று பிரித்து வைக்காவிட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். தாய்மீனையும் நம்ப முடியாது. தொட்டிக்கு மூடி இல்லாவிட்டால் காலையில் தரையில்தான் மீனைத் தேட வேண்டும். இவ்வளவு வேலையையும் மண்டல அலுவலகத்தில் ஒரு சிமென்ட் தொட்டியைக் கட்டிவிட்டுச் செய்துவிட முடியாது.

ஆனால் இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் குடும்பங்கள் கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் ஏராளமாக இருக்கின்றன. ஃபைட்டர் மீன் ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் வளர்த்து விற்கும் பொறுமை உள்ளவர்களுக்கு பஞ்சாக்ஸ் ஒரு பொருட்டே அன்று. வாங்குவதற்கு ஆள் இல்லை என்பதால்தான் அவர்கள் அதை வளர்ப்பதில்லை. மாநகராட்சி ஒரு விலையை நிர்ணயித்துக் கொள்முதல் செய்வதாக அறிவித்தால், மீன் தானாக வரும். தாய்மீன்களைச் சென்னை நீர்நிலைகளிலிருந்தே எடுக்க வேண்டும். எடுத்தவை எந்த இனம் என்பதை மீன்வளப் பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் பொன்னிற பஞ்சாக்ஸ், தொட்டிக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகை. அதைக் குளத்தில் விடக்கூடாது. ஆப்பிரிக்கக் கில்லிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எல்லா இடத்துக்கும் இதைக் கேட்கவில்லை. ஓட்டேரி நல்லாவிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இந்த மீனை விடுவது மீனுக்குச் செய்யும் கொடுமை. அங்கே தேவை கழிவுநீர்த் தடுப்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் டயர், தேங்காய் ஓடு போன்றவற்றில் தேங்கும் சிறிதளவு நீரிலும் வளர்வதால் அங்கே எந்த மீனுக்கும் வேலையில்லை. நான்கு சுவருக்குள் இருக்கும் வீட்டுக் கிணற்றைப் பொறுத்தவரை, மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடங்க வேண்டிய இடம், மாநகராட்சியே தூர்வாரிச் சீரமைத்திருக்கும் குளங்கள். அவற்றுள் இன்னும் கம்பூசியா புகாத சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, மீன் விடுவதற்கு முன்பும் பின்பும் உங்கள் பணியாளர்கள் வழக்கமாகச் செய்வதுபோல அகப்பையால் நீரை மொண்டு புழுக்களை எண்ணி, அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், என் பேச்சு சரியா தவறா என்பது ஒரு பருவமழையிலேயே தெரிந்துவிடும்.

கோடை முற்றுவதற்குள், நிழலான இடத்தில் தொட்டிகளைத் தொடங்கினால் அக்டோபருக்குள் மீன்கள் தயாராகும். அதற்கு முதலில் தெரியவேண்டியது, எந்த மண்டலத்தில் எந்த அலுவலர் மீன்களைப் பெற்றுக்கொள்வார் என்பது. அதை அறிவித்தால், வளர்ப்பாளர்களிடம் பேசி முதல் தொகுதிக்கான தாய்மீன்களையும் நூல் கொத்துகளையும் ஏற்பாடு செய்துதர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கில்லி மீன் வளர்க்கும் சென்னைவாசி ஒருவன்