கிண்டிக் குரங்குகளின் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், கொசு பரப்பும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதற்காக முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசியில் ஒரு யோசனை சொல்லியிருந்தீர்கள். காட்டுக் கொசுவும் குரங்கும்தான் நோயின் ஊற்று, ஆகவே கிண்டி, அடையாறு மாதிரி மரம் அடர்ந்த இடங்களில் திரியும் குரங்குகளைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும், மரங்களையும் கழிக்க வேண்டும் என்று. பல வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இதுவரை பரவியதே இல்லை. கிண்டிக் குரங்கின் உடம்பில் இல்லாத வைரஸை அது யாருக்குக் கொடுக்கும்?

சரி, வைரஸ் இருக்கிற காடுகளில் என்னதான் நடக்கிறது? தென் அமெரிக்கக் காடுகளில் இந்த வைரஸைச் சுமப்பவை ஹீமகோகஸ், சபெத்தீஸ் என்ற கொசுக்கள். நீலமாக மினுக்கும் அழகான பூச்சிகள். மரப்பொந்தில் தேங்கும் மழைநீரில் முட்டையிட்டு, பெரும்பாலும் மர உச்சியிலேயே வாழ்ந்து, பகல் வெளிச்சத்தில் கடிக்கும். அவற்றுக்கு முதல் இரை மேலே வசிக்கும் குரங்குகள்தான். மனிதன் தரையில் நடப்பவன், அவன் பக்கம் அவை அதிகம் வருவதில்லை. எப்போது வரும்? மரத்தை வெட்டிச் சாய்க்கும்போது. 1940 வாக்கில் கொலம்பியாவில் ஹோர்ஹே போஷெல் என்ற மருத்துவர் இதைக் கண்ணால் பார்த்தார். மரம் விழுந்ததும் உச்சியில் இருந்த நீலக் கொசுக்கள் மரம்வெட்டிகளை மொய்த்துக்கொண்டன. அங்கே காட்டுக்குள் போன ஆண்களுக்கே நோய் அதிகம் வந்ததற்குக் காரணம் புரிந்தது. மரத்தைக் கழித்தால் நோய் குறையும் என்கிற உங்கள் யோசனையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் காட்டுச் சுழற்சி இருப்பதே உலகத்துக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கொசுதான் பரப்புகிறது என்று கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னார், யாரும் காது கொடுக்கவில்லை. 1900-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு ஹவானாவில் அதை நிரூபித்தது. அதன்பின் நகரங்களில் நோயைப் பரப்பிய ஏடிஸ் எஜிப்தி என்ற வீட்டுக் கொசுவை ஒழித்ததும் ஹவானாவிலும் பனாமாவிலும் நோய் நின்றது. இனி உலகத்திலிருந்தே துடைத்துவிடலாம் என்று நம்பினார்கள். 1932-இல் பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. அங்கே தேடிப் பார்த்தால் ஏடிஸ் எஜிப்தியே இல்லை! காட்டுக்குள் குரங்குக்கும் கொசுவுக்கும் இடையில் வைரஸ் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. காட்டைத் துடைக்க முடியாது, ஆகவே மனிதனுக்குத் தடுப்பூசி போடுவதே வழி என்றானது. மாக்ஸ் தைலர் என்ற விஞ்ஞானி 1937-இல் உருவாக்கிய 17டி தடுப்பூசியைத்தான் இன்றைக்கும் போடுகிறோம். அவருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆப்பிரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மர உச்சியில் ஏடிஸ் ஆஃப்ரிகானஸ் என்ற கொசு அந்தி நேரத்தில் குரங்கைக் கடிக்கும். பகலில் அந்தக் குரங்கு காட்டோரத்து வாழைத்தோட்டத்துக்குப் பழம் திருட வரும். வாழை மட்டையின் இடுக்கில் தேங்கும் தண்ணீரில் வளரும் இன்னொரு கொசு, ஏடிஸ் சிம்ப்சோனி, குரங்கைக் கடித்துவிட்டுத் தோட்டக்காரரையும் கடிக்கும். உகாண்டாவில் இதைக் கண்டறிந்தார்கள். வாழைத்தோட்டம் வழியாகக் காடு ஊருக்குள் வந்துவிடும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

குரங்குகளின் விஷயத்திலும் இரண்டு கண்டங்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆப்பிரிக்கக் குரங்குகள் இந்த வைரஸோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை, பெரும்பாலும் நோய்வாய்ப்படுவதில்லை. அமெரிக்கக் குரங்குகளுக்கு அடிமைக் கப்பல்கள் சில நூறு வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்த புது நோய் இது. ஹவ்லர் என்னும் ஊளைக் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். பிழைத்த குரங்குக்கு மறுபடி நோய் வராது என்பதால் வைரஸ் ஒரே இடத்தில் தங்க முடியாமல் அடுத்த கூட்டத்தைத் தேடிப் போகும். ஹீமகோகஸ் கொசு 10 கிலோமீட்டருக்கு மேலேயும் பறக்கக்கூடியது என்பதால், துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகளைக்கூட வைரஸ் தாண்டிவிடுகிறது.

2016-லிருந்து 2018 வரை தென்கிழக்கு பிரேசிலில் இதுதான் நடந்தது. மினாஸ் ஜெராய்ஸில் ஆரம்பித்து சாவோ பாலோ, ரியோ வரை போனது. 2,000 பேருக்கு மேல் நோய் உறுதியானது, 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நேரத்தில் பயந்துபோன ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குரங்குகளை அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். அதிகாரிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்: குரங்கு நோயைக் கொடுப்பதில்லை, நமக்கு முன்னால் செத்து எச்சரிக்கை கொடுக்கிறது, அது எங்கே சாகிறது என்று தெரிந்தால்தான் அந்த வட்டாரத்துக்குத் தடுப்பூசியோடு முந்திப் போக முடியும் என்று. குரைத்த நாயைக் கொன்றுவிட்டு இனி திருடன் வரமாட்டான் என்று நிம்மதியாகப் படுப்பது போன்ற வேலை அது. உங்கள் கட்டுரையின் யோசனையும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டைச் சுற்றிக் குரங்குகள் செத்துக் கிடந்தன. பக்கத்துக் கிராமத்து ஜனங்களுக்கும் கடும் காய்ச்சல். புனேயிலிருந்து போன வைரஸ் ஆராய்ச்சியாளர்களுக்கு முதலில் வந்த சந்தேகமே, மஞ்சள் காய்ச்சல் கடைசியில் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்பதுதான். இல்லை, அது உண்ணி பரப்பும் வேறொரு வைரஸ். நாம் இப்போது குரங்குக் காய்ச்சல் என்கிறோமே, அது. கொலம்பியாவில் நீலக் கொசுவைப் பார்த்த அதே போஷெல் பிற்பாடு இங்கே வந்து இந்த நோயையும் ஆராய்ந்தார். அந்த வைரஸ் 2012-13 வாக்கில் நம் நீலகிரி வரைக்கும் வந்துவிட்டது. அதை நமக்குக் காட்டிக்கொடுத்ததும் செத்த குரங்குகள்தான்.

கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிக்குன்குனியாவை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஆப்பிரிக்கக் காட்டில் குரங்குக்கும் கொசுவுக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருந்த வைரஸ்தான். 1952-இல் தான்சானியாவில் அடையாளம் கண்டார்கள், 1964-இல் மெட்ராஸில் பரவியது, 2006-இல் மறுபடி தமிழ்நாட்டையே முடக்கிப் போட்டது. நம் ஊரில் எந்தக் காட்டின் வழியாகவும் அது பரவவில்லை. நோயாளியின் உடம்பில் வந்து, வீட்டுத் தொட்டியில் வளர்ந்த ஏடிஸ் எஜிப்தி வழியாகப் பரவியது. மஞ்சள் காய்ச்சல் வந்தாலும் அந்த வழியாகத்தான் வரும். ஆசியாவில் ஏன் இதுவரை பரவவில்லை என்பதற்கு விஞ்ஞானிகளிடம் பல ஊகங்கள் உண்டு, முடிவான விடை இல்லை. அதை நம்பிக்கொண்டு உட்கார முடியாது.

ஏடிஸ் எஜிப்தியின் முன்னோர்களும் ஆப்பிரிக்கக் காட்டு மரப்பொந்தில் வளர்ந்தவைதான். மழை குறைந்த பகுதிகளில் மனிதன் தண்ணீரைச் சேமித்து வைத்ததும் அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டன. அப்படிப்பட்ட கொசுவுக்குச் சென்னையைவிட வசதியான ஊர் கிடைக்குமா? கோடையில் தண்ணி லாரிக்குப் பயந்து ட்ரம் ட்ரம்மாகப் பிடித்து வைக்கிறோம். சம்ப், மூடி உடைந்த மாடித் தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, ஐப்பசி மழைக்குப் பின் மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை. இந்தக் கொசு தன் ஆயுளில் சில நூறு மீட்டர்தான் பறக்கும். நம்மைக் கடிப்பது நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும். அதன் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ட்ரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தெருவில் புகை மருந்து அடித்துக்கொண்டு வண்டி போனால் எல்லோருக்கும் திருப்தி. கட்டிலுக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும் கொசுவுக்கு அந்தப் புகை பெரும்பாலும் எட்டுவதே இல்லை. டார்ச் லைட்டோடு வந்து தொட்டியைப் பார்க்கிற மாநகராட்சி ஊழியரை வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் உள்ளே விட்டாலே பாதி வேலை முடியும்.

இன்னொரு வாசல் விமான நிலையம். எங்கள் நங்கநல்லூரில் பிள்ளைகள் நைஜீரியாவிலும் காங்கோவிலும் வேலை பார்க்கும் வீடுகள் பல உண்டு. ஊசியே போடாமல் மஞ்சள் அட்டை, அதாவது தடுப்பூசிச் சான்றிதழ், வாங்கித் தருகிறேன் என்று ஒரு பயண ஏஜென்ட் எங்கள் தெருப் பையனிடமே சொல்லியிருக்கிறார். 2016-இல் அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய 11 பேர் சீனாவுக்கு நோயோடு வந்து இறங்கினார்கள். நல்லவேளை, அங்கே பரவவில்லை. கொசு கடித்து 3 முதல் 6 நாளில் நோய் தெரியும். அட்டை இல்லாமல் வருகிறவரை 6 நாள் வரை தனியே வைக்கலாம் என்று நம் நாட்டில் விதி இருப்பது அதனால்தான். பொய் அட்டை அந்தக் காவலையே ஓட்டையாக்கிவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. குரங்குகளைப் பற்றிய அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இறந்த குரங்கை யாராவது பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ போகிறவர்களுக்காக ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கிடைக்கிறது. நீங்கள் குரங்குகளை விரட்டச் சொன்ன அதே கிண்டிதான்! போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும், எனவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். பழைய அட்டையில் 10 வருஷம் என்று போட்டிருந்தாலும் 2016-லிருந்து அது வாழ்நாள் முழுவதும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை.