ஞாயிறு ஆட்டம்: ஊரை அழிக்கிற மந்திரங்கள்

வணக்கம் மக்களே. பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக மூன்று வாரம் உட்கார்ந்து நான் வரைந்த துறைமுக ஊர், போன ஆட்டத்தில் ஒரே ஒரு மீட்டியர் ஸ்வார்மில், அதாவது எரிகற்களைப் பொழிகிற மந்திரத்தில், போயே போய்விட்டது. நான்கு இடத்தில், ஒவ்வொன்றும் 40 அடி ஆரம், 40 பகடையைக் கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்த நாம், ஊர் அழிந்த மறுநாளையும் ஆடத்தானே வேண்டும்?

ஞாயிறு மாலை 4 மணி, மண்டபம், வழக்கமான மொட்டை மாடி.

1. இதுபோல 9ஆம் நிலை மந்திரம், அதாவது உச்ச நிலை மந்திரம், வைத்திருப்பவர்கள் சனி இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.
2. இனி ஊர் மேல் போடுவதென்றால் மேசையில் எல்லோரும் சரி என்ற பிறகுதான்.
3. கேரக்டர் ஷீட்டுக்கு (உங்கள் பாத்திரத்தின் விவரத் தாள்) கிளிப் கொண்டு வாருங்கள், கடல் காற்று தெரியுமே.

வருகிறவர்கள் பெயர் போடுங்கள், வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.