தாம்பாளம் விழுந்த சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

மாமா வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது யாரோ எவர்சில்வர் தாம்பாளத்தைக் கைதவறிப் போட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நீ மட்டும் சுவரோடு ஒட்டி, தலையைக் கையால் மூடிக்கொண்டு நின்றாய். "என்னடா, இதுக்குப் போய்..." என்று சித்தப்பா சிரித்தார். நீயும் சிரித்து வைத்தாய். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு கார் பார்க்கில் நீ சொன்னதை முழுக்க இங்கே எழுத மாட்டேன். நான்கு மாதத்துக்கு முன் உன் சைட்டில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தார், நீ பக்கத்தில் இருந்தாய். அதுவரை போதும். "நல்ல ஆளை எப்படிக்கா தேடுறது? எழுதிக் குடு. வேற யாருக்காவது உதவும்னா என் பேரில்லாமப் போட்டுக்கோ" என்றாய். எழுதிவிட்டேன்.

ஒரு கோரத்தைப் பார்த்தவனுக்குச் சில வாரம் தூக்கம் கெடுவதும், சத்தம் கேட்டால் துள்ளுவதும் எல்லாருக்கும் நடப்பதுதான். பாதிப் பேருக்கும் மேலே அது தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி நினைக்காமலே வந்து நின்றால், அந்த இடத்தையே சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தால், வீட்டு மனிதர்கள் மேல்கூடப் பிடிப்பு விட்டுப்போனால், எந்நேரமும் உடம்பு காவல் நிற்பதுபோல் இருந்தால், அதற்கு மருத்துவத்தில் பேர் இருக்கிறது: பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அந்தப் பேர் ஏறியது. உனக்கு அதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் நான்கு மாதம் என்பது காத்திருந்து பார்க்கும் காலம் இல்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூரில் தீவு விரைவுச்சாலையில் என் டாக்சி மோதிய பிறகு ஒன்றரை வருடம் யாரிடமும் போகவில்லை. அம்மா வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டினார். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், வாரம் ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளியே வந்தது அதனால்தான். பிறகு தோழி சொன்ன ஒரு கவுன்சலரிடம் போனேன். அன்பான மனுஷி. முதல் நாளே "எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்றார். கொட்டினேன். ஐம்பது நிமிடம் ஆனதும் கடிகாரத்தைப் பார்த்து, நல்லதையே நினையுங்கள் என்று அனுப்பிவிட்டார். மூன்று ராத்திரி கண் மூடவில்லை. சிகிச்சை என்றாலே இதுதான் போல என்று நினைத்து இன்னொரு வருடத்தைத் தொலைத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், நல்லவரைத் தேடாதே. இந்த வேலை தெரிந்தவரைத் தேடு. போனிலேயே கேட்டுவிடலாம்: "அதிர்ச்சிக்கு எந்த முறையில் சிகிச்சை தருவீங்க? அதுக்குப் பயிற்சி எடுத்திருக்கீங்களா? சுமாரா எத்தனை தடவை வரணும்?" தெரிந்தவர் ஒரு முறையின் பேரைச் சொல்வார், கணக்கும் சொல்வார். "ஆளைப் பார்த்து எல்லாத்தையும் கலந்து செய்வேன்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடு.

நீ கேட்க வேண்டிய பேர்கள் மூன்று. இஎம்டிஆர் என்பது நினைவை மனதில் வைத்துக்கொண்டே, சிகிச்சை தருபவரின் விரல் போகும் பக்கம் கண்ணை ஓட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் ஆய்வுகளில் நின்ற முறை. இன்னொன்று நீடித்த எதிர்கொள்ளல் (ப்ரோலாங்டு எக்ஸ்போஷர்), எனக்குச் செய்தது. நடந்ததை மறுபடி மறுபடி சொல்லிப் பதிவு செய்து, அதையே வீட்டில் கேட்கச் சொன்னார்கள். அதோடு, ஒதுக்கி வைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். முதல் வாரம் மேம்பாலத்தில் நின்று விரைவுச்சாலையைப் பார்த்தேன், அவ்வளவுதான். பத்தாவது வாரம் டாக்சியில் அதே வழியாகப் போனேன். மூன்றாவது சிபிடி, அதாவது காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி (CPT). பெரும்பாலும் பன்னிரண்டு அமர்வு. நடந்ததைவிட, நடந்ததைப் பற்றி நீ உனக்குள் சொல்லிக்கொள்வதைப் பிடித்து விசாரிக்கும் முறை அது. "அந்த வேலைக்கான பெர்மிட்ல கையெழுத்துப் போட்டது நான்தானேக்கா" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். அதனால் உனக்கு இதுதான் பொருந்துமோ என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு சிகிச்சை தருபவருடையது.

கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், இங்கே சட்டம் தடுப்பதில்லை. அதனால் சிங்கப்பூர் உளவியல் சங்கமும் சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங்கும் வைத்திருக்கும் பதிவேடுகளில் பேர் இருக்கிறதா என்று பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அந்தத் துறையில் முதுநிலைப் பட்டம் இருக்க வேண்டும். மாத்திரை எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட், அவர் வேறு. தேவைப்பட்டால் இருவரையும் பார்க்கலாம். ஆனால் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. ராத்திரி பியரும் அதே கணக்குதான், தெரியாத மாதிரி இருந்தேன்.

காசு விஷயம். தனியாரிடம் ஒரு அமர்வுக்கு 200 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் கடிதத்தோடு போனால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம். நேராகப் போய் நின்றால் அது கிடைக்காது. காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்காகத்தான் இன்றைக்கே வரிசையில் நில் என்கிறேன். அதுவரை யாரிடமாவது பேச வேண்டும் என்றால் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது, பிட்டி ரோட்டில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. சிண்டாவில் தமிழிலேயே பேசலாம்.

"மனநலக் கழகத்துக்கா அனுப்புவாங்க?" என்று நீ கேட்டபோது முகம் மாறியது. நம் அம்மா தலைமுறை "உட்பிரிட்ஜ்ல விட்டுடுவேன்" என்று மிரட்டி வளர்த்த பிள்ளைகள் நாம். அந்த உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனைதான் 1993இலேயே புவாங்கோக்குக்கு மாறி, மனநலக் கழகம் (ஐஎம்எச்) என்று பேரும் மாறிவிட்டது. அங்கே புறநோயாளியாகப் போய் வருபவர்கள் உன்னையும் என்னையும் போல வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான். அங்கே வேண்டாம் என்றால் கூ டெக் புவாட் போன்ற பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேள்.

கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது உன் இன்னொரு பயம். டாக்டரிடம் பேசியது உன் முதலாளியிடம் தானாகப் போய்ச் சேராது. வேலையிட நியாயச் சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மனநலத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதும் அதன் வரம்புக்குள் வருகிறது. சட்டம் வந்த மாத்திரத்தில் சூப்பர்வைசர்களின் பேச்சு மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. நீ யாரிடம் சொல்வது என்பதை நீயே தீர்மானித்துக்கொள்.

மொழியைப் பற்றி ஒன்று. என் சைக்காலஜிஸ்ட் சீனப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒருநாள் எனக்கு "பகீர்" என்பதற்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை, திணறினேன். "தமிழிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரிய வேண்டியதில்லை" என்றார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் தமிழில் சொன்னேன். மோதும் முன்னால் நான் "ஐயோ அம்மா" என்று கத்தியது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அதுவரை ஆங்கிலத்தில் சொன்ன எட்டுத் தடவையும் அந்த அலறல் கதையில் இல்லை. அதனால் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து நாளைக் கடத்தாதே. ஆனால் முதல் சந்திப்பிலேயே கேட்டு வை: "சில சமயம் நான் தமிழ்ல சொன்னா பரவாயில்லையா?" முகம் சுளித்தால் அடுத்த ஆளைப் பார்க்கலாம். இரண்டு மூன்று தடவை போயும் ஒத்துவரவில்லை என்றால் மாற்றலாம், அவர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சில ராத்திரி ரொம்ப மோசம் என்றாயே. அப்போது 1767, அது தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ். இல்லையென்றால் தேசிய மனநல உதவி எண் 1771, இல்லையென்றால் மனநலக் கழகத்தின் 6389 2222. மூன்றும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். மூன்றையும் போனில் போட்டுவிட்டு எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பு. எனக்கும் அடிக்கலாம், தூங்கிக்கொண்டிருந்தாலும் எடுப்பேன்.

புதன்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். ஹெல்த்ஹப் ஆப்பில் காலை நேரமாகப் பார்த்து பலதுறை மருந்தகத்தில் அப்பாயின்ட்மென்ட் எடு. டாக்டரிடம் நீளமாகச் சொல்ல வேண்டாம். "வேலையிடத்தில் விபத்தைப் பார்த்தேன், நான்கு மாதமாகத் தூக்கமில்லை, மனநலப் பிரிவுக்குக் கடிதம் வேண்டும்." இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா, வாய் வராவிட்டால் தாளை நீட்டிவிடலாம். உங்கள் புளோக் கீழே காப்பிக்கடையில் ஏழரைக்கு இருப்பேன். ரொட்டி பரோட்டா தட்டு அடுக்கும் சத்தம் கேட்காத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா