மசுந்தேயிலிருந்து கண்ணம்மாவுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீரியல் பார்க்கிற போட்டோவை இவரிடமும் காட்டினேன். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடு. வெங்காயம் நறுக்கவிடாதே, எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும்.

"நாள் பூரா அங்கே என்னதான்டி பண்றே?" என்று கேட்டிருந்தாய். பெசன்ட் நகரில் ராத்திரி ஆமை நடைக்குப் போனதையும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைத்ததில்தான் இவ்வளவு தாமதம்.

இங்கே, மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கிற இந்த மசுந்தே கிராமத்தில், காலை என்றால் மாவு மில் சத்தம். பக்கத்து வீட்டு அம்மா முந்தின ராத்திரியே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஊறவிட்டுவிடுவார். விடிந்ததும் கையாலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் சுமந்துகொண்டு போய் மில்லில் வரிசையில் நிற்பார். நானும் கூடப் போவேன். எனக்கு அரைக் கிலோ மாவு போதும், ஆனால் அங்கே நின்றால்தான் ஊர்ச் சேதி தெரியும். யார் வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, எந்த ஓட்டல் ராத்திரி முழுக்கப் பாட்டுப் போட்டது, எல்லாம் அந்த வரிசையில்தான். மாவு சூடாக, ஈரமாக வந்து விழும்போது ஒரு வாசனை வரும் பார், அதற்காகவே சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். அந்தச் சுண்ணாம்பு வெறும் தோல் உரிக்க மட்டும் இல்லை. சோளத்தில் இருக்கிற நியாசின் என்ற சத்து உடம்பில் சேர்வதே அதனால்தான். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பியிருந்த ஏழை ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக, அந்தச் சத்துக் குறைவால் வருகிற பெல்லாக்ரா நோயில் கஷ்டப்பட்டார்கள். இந்த ஊர்ப் பாட்டிகள் அடுப்படியில் செய்துகொண்டிருந்ததை மருத்துவம் புரிந்துகொள்ள இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. எனக்கு அதை நினைத்தால் பெருமையாகவே இருக்கிறது, என்னுடைய பாட்டி இல்லை என்றாலும்.

எட்டு மணிக்கு மேல் தெருவில் வண்டிகள் வர ஆரம்பிக்கும். கேஸ் சிலிண்டர் வண்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் வண்டி, ரொட்டி வண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூவல். குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் சமையலை முடித்துவிட்டு, மத்தியானம் தாழ்வாரத்து ஊஞ்சல்வலையில் சாய்ந்துவிட வேண்டியதுதான். ஏப்ரல், மே மாதங்களில் வேறு எதுவும் செய்யவும் முடியாது. என் ஆபீஸ் வேலை ராத்திரி எட்டு மணிக்குத்தான் தொடங்கும். அப்போது உங்களுக்கு மறுநாள் காலை ஏழரை.

திங்கட்கிழமை போச்சுட்லா சந்தை. பின்பக்கம் பெஞ்சு அடித்து மேலே தார்ப்பாய் போட்ட பிக்கப் வண்டியில் ஏறிப் போவோம். கோழி, வாழையிலைக் கட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சர்ப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்கார இளைஞன், எல்லாரும் ஒரே வண்டியில். சந்தையில் நூல்கண்டு மாதிரி சுற்றி வைத்த பாலாடைக்கட்டி, பத்துப் பதினைந்து வகைக் காய்ந்த மிளகாய், பக்கத்து மலையில் ப்ளூமா இடால்கோவில் விளைகிற காப்பிக்கொட்டை. அந்தக் காப்பியை மண்பானையில் பட்டையும் வெல்லமும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். பால் கிடையாது. முதலில் முகம் சுளித்தேன், இப்போது மழை நாளில் அதுதான் வேண்டியிருக்கிறது. புளி கொட்டிக் கிடக்கும், ஆனால் குழம்புக்கு இல்லை. சர்க்கரை போட்டுக் கரைத்து ஐஸ் போட்டுக் குடிப்பார்கள், மிளகாய்த்தூள் சேர்த்து மிட்டாயாக உருட்டி விற்பார்கள். என் ரசத்துக்குக் குறை இல்லை. மாம்பழத்தில் நல்ல ஜாதி என்று அவர்கள் கொடுப்பதற்குப் பெயர் மணிலா. 1565லிருந்து 1815 வரை பிலிப்பைன்ஸுக்கும் இந்த நாட்டு அகபுல்கோ துறைமுகத்துக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன. அந்த வழியில் வந்த பழம். மிளகாயும் பப்பாளியும் கொய்யாவும் இந்தக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்தவை. கணக்கு நேராகிவிட்டது என்று சந்தையில் தராசைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி ஆமைக்கு வருகிறேன்.

நீ பார்த்த அதே பங்குனி ஆமைதான் இங்கேயும். உலகத்தில் கடலாமை ஏழு வகை என்றால் அதில் ஆறு மெக்சிகோ கரைக்கு வருகிறது. இங்கே அதிகம் வருவது நம்முடையதுதான். மசுந்தேயிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் எஸ்கோபீயா என்று ஒரு நீளமான கடற்கரை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து டிசம்பர், ஜனவரி வரை மாதத்துக்கு ஒரு தடவையாவது முட்டையிட ஆயிரக்கணக்கில் கரையேறும். ஒடிசாவில் காஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் வருகிற மாதிரி. நம் சென்னையில் ஒன்று, அதற்கப்புறம் ஒன்று என்று தனியாக வருகிறதைத் தேடி நீங்கள் ராத்திரியெல்லாம் நடக்கிறீர்கள். இங்கே கால் வைக்க இடம் தேட வேண்டும்.

நான் ஒன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் காவலர் கையில். பின்துடுப்பை ஒரு கை மாதிரிக் குவித்து மண்ணை அள்ளி, சிந்தாமல் தூக்கி ஓரத்தில் வைக்கிறது. பிறகு அடுத்த துடுப்பு. இப்படி மாற்றி மாற்றி. சுமார் நூறு முட்டை இடும். கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழிந்தது. அழுகை இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பைக் கழிக்கிற சுரப்பியின் வேலை. ஆனாலும் பிரசவ வார்டில் உட்கார்ந்திருந்த ஞாபகம் எனக்கு வந்துவிட்டது. மண்ணை மூடிய பிறகு உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, அடி ஓட்டாலேயே தொம் தொம் என்று தட்டிக் கெட்டிப்படுத்தியது. தரையில் வைத்திருந்த என் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்தது.

இந்த ஊரே ஒரு காலத்தில் ஆமையை வெட்டிப் பிழைத்த ஊர் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. பக்கத்துக் கடற்கரை சான் அகுஸ்தினீயோவில் ஆமை வெட்டும் கூடம் இருந்தது. கறியை விட அதன் தோலுக்குத்தான் விலை. செருப்பு, கைப்பை செய்ய வெளிநாட்டுக்குப் போகும். மில் வரிசையில் வருகிற வயதானவர் ஒருவர் சிறுவயதில் அங்கே வேலை பார்த்தவர். கடல் சிவந்து கிடக்கும், நாற்றம் துணியை விட்டுப் போகாது என்பார். எனக்குச் சொல்லும்போது அவர் தலையைக் குனிவதில்லை. அதுதான் கூலி, அதில்தான் சோறு. 1990 மே மாதம் ஜனாதிபதி சலினாஸ் அரசு ஆமை பிடிப்பதை நாடு முழுக்கத் தடை செய்தது. தடை சரிதான் கண்ணம்மா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் நான் பார்த்த அந்த ஆமையே இருந்திருக்காது. ஆனால் ஊர் ஜனங்களை யாரும் கேட்கவில்லை. ஒரே நாளில் வேலை போனது, அடுப்பு எதை வைத்து எரியும் என்பதற்குப் பதில் கையில் இல்லை.

அந்தப் பதிலை ஊரே தேடிக்கொண்டது, அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் இங்கே ஆமைகளுக்கான ஒரு தேசிய மையம் வந்தது, இன்றும் ஊரின் நடுவில் இருக்கிறது. பாடி ஷாப் என்ற அழகுசாதன நிறுவனத்தை ஆரம்பித்த அனிதா ராடிக் உதவியோடு ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். தேங்காய் எண்ணெய், எள், தேன்மெழுகு, அவகாடோ வைத்து சோப்பு, ஷாம்பு செய்கிறார்கள். பெரிய ரோட்டு ஓரம் கடை இருக்கிறது, என் தலைக்கு அந்த ஷாம்புதான். பக்கத்தில் வெந்தனீயாவில் சதுப்பு நிலக் காட்டுக்குள் படகு ஓட்டி முதலை காட்டுவதும் ஊர்க்காரர்களின் கூட்டுறவே. 1997 அக்டோபரில் பவுலினா புயல் வந்து இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. தொழில் மாறிய ஏழே வருஷத்தில் மறுபடி முதலிலிருந்து. அப்படியும் எழுந்தார்கள். இப்போது எஸ்கோபீயாவில் ஒரு பருவத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கூடுகள் எண்ணப்பட்ட வருஷங்கள் உண்டு. பாராட்டு விழாக்களில் அதிகாரிகளின் பெயர்தான் வாசிக்கப்படும். நானாக இருந்தால் இந்த ஊர்ப் பெண்களின் பெயரைத்தான் முதலில் வாசிப்பேன்.

அகாதா புயல் வந்தபோது, 2022 மே 30, நாங்கள் இங்கேதான் இருந்தோம். மே மாதத்தில் மெக்சிகோவின் பசிபிக் கரையைத் தாக்கியதில் பதிவானவரை அதுதான் பலமானது. புவெர்த்தோ ஆன்ஹெல் பக்கத்திலேயே கரையேறியது. ஓலைக் கூரைகள் பறந்தன, மரம் விழாத தெரு இல்லை. மின்சாரமும் போனும் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டு அம்மா விறகடுப்பில் எல்லாருக்கும் சோள ரொட்டி சுட்டுப் போட்டார். காற்று நின்ற மறுநாளே மண்வெட்டியோடு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். வஹாக்கா மாநிலத்தில் இதற்கு டெக்கியோ என்று பெயர், ஊர்ப் பொதுவேலைக்கு வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் வந்தாக வேண்டும். நம் குடிமராமத்து போல. நம்மிடம் அது கல்வெட்டிலும் அரசாங்கத் திட்டத்தின் பெயரிலும் இருக்கிறது, இங்கே சனிக்கிழமை காலையில் நடக்கிறது. இவரும் போய் ஓடையை அடைத்த மரத்தை வெட்டினார். அதற்குப் பிறகுதான் கடைக்காரர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

இப்போது எனக்குக் கவலை வேறு. 2024 பிப்ரவரியில் வஹாக்கா நகரத்திலிருந்து கடற்கரைக்குப் புது நெடுஞ்சாலை திறந்தார்கள். மலையைச் சுற்றிச் சுற்றி ஆறேழு மணி நேரம் வந்த பயணம் இப்போது மூன்று மணி நேரத்துக்குள். பிரசவத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு அது வரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே சாலையில் வார இறுதிக்கு ஜனம் கொட்டுகிறது. வாடகை டாலரில் பேசப்படுகிறது. இங்கே நிலம் ஊர்ப் பொதுச் சொத்து. கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டார் நேரடியாக நிலம் வாங்கவும் அரசியல் சாசனம் விடாது. ஆனாலும் யார் பெயரிலோ கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏப்ரலில் கிணறு வற்றும்போது ஓட்டல்களுக்கு டேங்கர் லாரி வருகிறது, பின் தெருவில் இருக்கிற எங்களுக்கு வாளிக்கணக்கு. நாங்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான், அந்த வாடகை உயர்வில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஒரு தடவை தொழிலையே மாற்றிக்கொண்டு பிழைத்த ஜனத்தை இந்தத் தடவை ஊரை விட்டே கிளப்பிவிடக் கூடாது. ஊர்க் கூட்டத்தில் இதைப் பற்றிச் சூடாகப் பேசுகிறார்கள். எனக்கு அங்கே ஓட்டு இல்லை, இருக்கவும் கூடாது. கணக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதிக் கொடுக்கிறேன்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய படங்களை நீ அனுப்பினாயே, அதை மில் வரிசையில் அந்தப் பெரியவரிடம் காட்டினேன். "இழுவலையா?" என்று ஒரே கேள்வி. ஆமாம் என்றேன். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலைக்குள் மாட்டினால் வர முடியாது, அது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "அங்கே மீனவனிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா?" என்று அடுத்துக் கேட்டார். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உங்கள் ஆமை நடைக் குழுவில் காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா? வலையில் ஆமை தப்பிக்கிற வழி வைத்தால் மீனும் போய்விடுகிறது என்கிறார்களே, அதற்கு நஷ்டஈடு பற்றி யாராவது பேசுகிறார்களா? விவரமாக எழுது, அவர் காத்திருக்கிறார்.

நீ வருவதாகச் சொன்னதை நான் விடப்போவதில்லை. பெண்ணைப் பார்க்க அமெரிக்கா போகிறாய் அல்லவா, அந்த விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். வாதுல்கோவுக்கு விமானம் உண்டு, இவர் வந்து கூட்டிக்கொண்டு வருவார். அக்டோபர் கடைசியில் வா. ஆமையும் வரும், நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவதையும் பார்க்கலாம். முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. நாம் மாலை கட்டுகிற துலுக்கச் சாமந்தியின் பூர்வீகமே இந்த நாடுதான், வாசலிலிருந்து படம் வரை அதன் இதழைத் தூவி வழி போடுவார்கள். போன வருஷம் பக்கத்து வீட்டு மேசையில் என் அப்பா படத்துக்கும் இடம் கொடுத்தார்கள். நான் வடை வைத்தேன்.

வரும்போது கூட்டுப் பெருங்காயம், அரைக் கிலோ உளுத்தம்பருப்பு, ஒரு நல்ல தேங்காய்த் துருவி. அம்மா வருவதாக இருந்தால் இன்னும் நல்லது, கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது, படி ஏற வேண்டாம். டாக்டர் எப்போது விமானத்தில் போகலாம் என்கிறார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி