‘கேள் ஜென்மித்த ராயர்க்கே’: மெட்டு பிறந்தது வேறொரு விழாவுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் வந்த கேரல் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு இடம்தான் உறுத்தியது. ‘கேள் ஜென்மித்த ராயர்க்கே’ பாட்டை (இங்கிலீஷில் ‘ஹார்க் த ஹெரால்ட் ஏஞ்சல்ஸ் சிங்’), இங்கிலாந்துப் பாட்டாசிரியர் சார்லஸ் வெஸ்லி எழுத, ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் மெட்டமைத்தார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். படித்தால் ரெண்டு பேரும் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கட்டியது போல இருக்கிறது. வெஸ்லி இறந்தது 1788-ல், மெண்டல்சன் பிறந்ததே 1809-ல்!

வெஸ்லி இதை வெளியிட்டது 1739-ல். நாலு நாலு வரியாகப் பத்து சரணம், பல்லவி கிடையாது. அதன் முதல் வரியில் தேவதூதர்களே இல்லை என்பதுதான் வேடிக்கை. ‘வானமெல்லாம் முழங்குவதைக் கேளுங்கள், ராஜாதி ராஜாவுக்கு மகிமை’ என்கிற மாதிரிதான் அவர் தொடங்கியிருந்தார். வானத்துக்கு அவர் போட்ட ‘வெல்கின்’ என்ற சொல் அந்தக் காலத்திலேயே பழசு. 1753-ல் அவருடைய ஆக்ஸ்போர்டு நண்பர், பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு, தன் லண்டன் சபைக்கான பாட்டுப் புத்தகத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, தூதர்கள் பாடுவதாகவும் மகிமை புதிதாய்ப் பிறந்த ராஜாவுக்கு என்றும் மாற்றினார். லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் தூதர்கள் மகிமை சொல்வது உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு. அந்தக் கணக்கில் விட்ஃபீல்டின் திருத்தம் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நிலைத்தது அதுதான். சார்லஸின் அண்ணன் ஜான் வெஸ்லி 1779-ல் எழுதிய ஒரு பாட்டுப் புத்தக முன்னுரையில், எங்கள் பாட்டுகளை அப்படியே அச்சடித்துக்கொள்ளுங்கள், திருத்த மட்டும் செய்யாதீர்கள், அந்தத் திறமை உங்களுக்கு இல்லை, திருத்தியே தீருவோம் என்றால் சரியான வரியை ஓரத்திலாவது போடுங்கள் என்று பொரிந்து தள்ளியிருக்கிறார். எந்தப் பாட்டு என்று அவர் பெயர் சொல்லவில்லை, ஆனால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, மெட்டு? அச்சுக்கலைக்கு 400 ஆண்டு நிறைந்ததை 1840-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரம் கொண்டாடியபோது, கூட்டன்பர்க்கைப் புகழ்ந்து திறந்தவெளியில் ஆண்கள் குழுவும் பித்தளை வாத்தியங்களுமாகப் பாட மெண்டல்சன் எழுதிக் கொடுத்ததில் ஒரு பகுதிதான் இது. மூன்று வருஷம் கழித்துத் தன் ஆங்கிலப் பதிப்பாளருக்கு எழுதும்போது, இந்த மெட்டுக்கு வேறு வரிகள் போடலாம், ஆனால் பட்டாளத்து மிடுக்குள்ள வரிகளாக இருக்கட்டும், பக்திப் பாட்டுக்கு இது சரிப்படவே படாது என்று சொன்னவரும் அவரேதான். 1847-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் 1855-ல் வில்லியம் கம்மிங்ஸ் செய்த காரியம் அவருக்குத் தெரியாது. பதின்வயதில் மெண்டல்சன் லண்டனில் நடத்திய ‘எலியா’ என்ற அவருடைய பெரிய இசைப்படைப்பில் பாடியவர் இந்த கம்மிங்ஸ், இங்கிலாந்தின் வால்தம் ஆபி தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மெட்டு நீளமானது என்பதால் வெஸ்லியின் இரண்டிரண்டு சரணங்களைச் சேர்த்து, முதல் இரண்டு வரியைக் கடைசியில் திரும்பப் பாடவைத்து, நாம் இன்று பாடுகிற உருவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

மெண்டல்சன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கீதபவனிக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு வீடுவீடாகப் பாடப் போய்ப் பத்து வீடு முடித்து, ராத்திரி ஒரு மணிக்குத் தொண்டை கட்டிப்போய், சுக்கு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இதை எடுத்துப் பாருங்கள். ‘மண்ணோர் யாரும் எழுந்து’ வரும்போது சுருதி மேலே ஏறும், பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்போம். சந்தைத் திடலில் ட்ரம்பெட்டோடு நின்று பாட எழுதியது, ஹார்மோனியத்துக்கு எங்கே அடங்கும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் இருக்கும் தமிழ் வரிதான். ‘ஜென்மித்த ராயர்க்கே’ என்பது விட்ஃபீல்டு நுழைத்த ராஜா, சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்து வருகிற ‘விண்ணில் துத்தியம் (துதி) ஏறுதே’யில் தூதர்களைக் காணோம், விண்தான் இருக்கிறது. 1753-ல் தூக்கிப் போட்ட வெஸ்லியின் வானம் தமிழில் பாதி திரும்பி வந்துவிட்டது. மொழிபெயர்த்தவர் தெரிந்து செய்தாரா, தாளத்துக்காக அப்படி விழுந்ததா, எதுவானாலும் இங்கிலீஷில் பாடும்போது கிடைக்காத ஒன்று இது.

அடுத்த இதழில் பெரிய திருத்தமெல்லாம் வேண்டாம். ஜான் வெஸ்லி கேட்ட மாதிரி ஓரமாக இரண்டு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
பாடகர் குழுவில் பல வருஷமாக டெனர் பாடும் ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை