எலோகேஷியின் தரப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, கல்கத்தா காளி கோயில் பக்கம் வரைந்து விற்ற காளிகாட் ஓவியங்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். மீனைக் கவ்விக்கொண்டு நிற்கும் நெற்றிக்குறி இட்ட பூனையையும், பெண்ணின் கையில் ஆடாகிப்போன பாபுவையும் (கல்கத்தாவின் பணக்காரச் சொகுசுக்காரர்) வண்ணத்தில் அச்சிட்டதற்கு நன்றி. போலிச் சாமியாரை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேலி செய்துவிட முடியாது.

வங்காளத்துத் தாரகேஸ்வரம் கோயில் தலைவரான மகந்தோடு தொடர்பு என்று எலோகேஷியைக் கணவனே கொன்ற 1873 கொலையைச் சொன்ன விதம்தான் உறுத்துகிறது. எலோகேஷி மகந்துக்கு வெற்றிலை கொடுப்பதாக ஒரு படத்தில் இருக்கிறதாம். ஆகவே அவள் விரும்பித்தான் போனாள் என்று கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். வரைந்தவர் அருகில் இருந்தா பார்த்தார்? காளி கோயிலுக்கு வருகிறவர்கள் காலணா அரையணாவுக்கு வாங்கிப் போவதற்காகச் சாமி படம் போட்ட அதே கைதான், ஊரே பேசிய கொலையையும் விற்பனைக்குப் போட்டது. பிள்ளை வரத்துக்கு மருந்து கேட்டுப் போன பதினாறு வயதுப் பெண்ணை மகந்த் கெடுத்தான் என்றும், வீட்டாரே அதற்கு உடந்தை என்றும் அப்போதே பேச்சு இருந்தது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கணவன் நபின் கல்கத்தாவில் அச்சகத்தில் வேலை பார்த்தவன். நானும் அச்சுக்கோத்துப் பிழைத்தவன்தான். அதற்காக அவனுக்குப் பரிந்து பேச மாட்டேன். மீன் நறுக்கும் அரிவாள்மணையால் மனைவியின் கழுத்தை அறுத்தவனை ஜூரிகள் விடுவித்தார்கள். நீதிபதி ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, ஆயுள் தண்டனை கிடைத்தது. பொதுமக்கள் மனுக்கொடுத்து 1875இல் அவனை வெளியே கொண்டுவந்தார்கள். மகந்துக்கு மூன்றாண்டுச் சிறை, அதுவும் அடுத்தவன் மனைவியோடு கூடியதற்காக. அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கும் உரிமை கணவனுக்குத்தான். உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதே 2018இல்தான். மகந்த் சிறையில் செக்கிழுப்பதைக்கூட வரைந்து விற்றார்கள். எலோகேஷிக்காக மனுப்போட்டவர் யாரும் இல்லை.

தெற்கே இப்படி எதுவும் கிடையாது என்று போகிறபோக்கில் எழுதியிருப்பதும் சரியல்ல. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் மலிவுப் பதிப்பாக அச்சான கொலைச் சிந்துகள், அதாவது கொலைக் கதைப் பாட்டுகள், சந்தை சந்தையாகப் பாடி விற்கப்பட்டன. படம் குறைவு, பாட்டு அதிகம், அவ்வளவுதான். எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து டீக்கடைகளில் தமிழ் மாலைப் பத்திரிகையின் போஸ்டர் தொங்குகிறது. தலைப்பைப் படித்தால், அந்தச் சிந்துக்காரர் பேரனோ என்று தோன்றும்.

அடுத்த வாரம் லண்டனில் அச்சான கொலைக் கதைகள் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். தூக்குக்கு முன்பே குற்றவாளியின் ‘கடைசி வாக்குமூலம்’ அச்சாகி, தூக்கு மேடையடியில் விற்பனையானதையும், பழைய மரக்கட்டை பிளாக்கையே புதிய கொலைக்கும் போட்டதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். அங்கே வருகிற பெண்களின் கதையையாவது படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.