கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் ஆளை எந்த அறிக்கை பார்க்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கிப் பலி, காப்பாற்றப் போனவரும் பலி என்ற செய்தியை உங்கள் நாளிதழ் எத்தனையோ முறை வெளியிட்டிருக்கிறது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் கெமிஸ்டாக வேலை பார்க்கிறேன். அதே மாதிரியான தொட்டியின் விளிம்பில் நின்று தினமும் சாம்பிள் எடுப்பவள் நான். இந்தச் சாவுகளைத் தொட்டிக்கு வரைபடம் போடும்போதே தடுக்க முடியும் என்பது என் அனுபவம். தடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள், நாங்கள் பணம் கொடுத்து அழைக்கிற சுற்றுச்சூழல் கன்சல்டன்டுகள்.

வாயு எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டன் துணியில் சாயம் ஏற கிளாபர் சால்ட் போடுகிறோம். அது சோடியம் சல்பேட். துணியில் அது தங்காது, கழிவுநீரோடு கலெக்‌ஷன் டேங்குக்கு, அதாவது கழிவுநீர் முதலில் சேரும் தொட்டிக்கு, வந்துவிடும். கூடவே பஞ்சு, சோப்பு எல்லாம் வரும். புளோயர் ஓடிக் காற்று போய்க்கொண்டிருக்கும் வரை பயமில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பட்டறையை மூடி புளோயரையும் நிறுத்திவிட்டால், அடியில் படிந்த சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்புறம் ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிற பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவாக மாற்ற ஆரம்பிக்கும். அந்த வாயு சேற்றுக்குள்ளேயே அடங்கிக் கிடந்து, யாராவது கால் வைத்துக் கலக்கும்போது ஒரேயடியாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியை விட்டு எளிதில் வெளியேறாது.

அழுகிய முட்டை நாற்றம் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அது நாறும். காற்றில் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று ஒருவர் சொல்கிற நேரமே ஆபத்து அதிகமான நேரமாக இருக்கலாம். கிணறு தூர்வாருகிறவர்கள் செய்வதுபோல் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று தெரியும். எரிந்துகொண்டிருந்தால் விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. தவிர, இந்த வாயுவே தீப்பிடிக்கக் கூடியது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில், விடுமுறை முடிந்து திறந்த காலையில் பம்ப்பில் பஞ்சு அடைத்துக்கொண்டது. ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, அதை எடுக்க இறங்கினான். ஏணியின் நாலாவது படியிலேயே தலை சாய்ந்துவிட்டது. ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் தோள் சிக்கிக்கொண்டதால் கீழே விழவில்லை. இரண்டு பேர் மேலே குப்புறப் படுத்து, கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவனுடைய அண்ணன் இறங்கப் போனதை பாய்லர் ஆபரேட்டர் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. பையன் பிழைத்துவிட்டான். விஷவாயுவை அளக்கும் கேஸ் மீட்டர் எங்கே என்று கேட்டேன். மேனேஜர் அறை பீரோவில், உறை பிரிக்காத பெட்டியில் இருந்தது. காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி எப்போதோ முடிந்திருந்தது. ஆடிட்டுக்குக் காட்டுவதற்காக வாங்கியது.

அந்தப் பட்டறைக்கு ஒரு கன்சல்டன்ட் தயாரித்த பாதுகாப்பு அறிக்கையை அன்று மாலை எடுத்துப் படித்தேன். கெட்டியான அட்டை, கலர் பிரின்ட். எங்களிடம் இல்லவே இல்லாத குளோரின் சிலிண்டர் அறைக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். எங்களிடம் இருந்த கலெக்‌ஷன் டேங்குக்கு, தக்க முன்னெச்சரிக்கையுடன் நுழைய வேண்டும் என்று ஒரே வரி. அதுவும் ஆங்கிலத்தில். இறங்குகிறவன் ஒடியா பேசுகிறவன், இறக்குகிற சூப்பர்வைசர் தமிழ் மட்டும் படிப்பவர். யாருக்காக எழுதினார்கள்?

எல்லா கன்சல்டன்டும் இப்படி என்று சொல்லமாட்டேன். இப்போது நான் இருக்கும் இடத்துக்கு வந்த ஒரு மூத்த பொறியாளர், ஆபீசில் உட்காராமல் நைட் ஷிஃப்டில் வந்து நின்றார். "போன தடவை உள்ளே இறங்கினது யாரு? எதுக்கு இறங்கினாரு?" என்று ஆளாளுக்குக் கேட்டார். பம்ப் அடைப்பு எடுக்கத்தான் என்று தெரிந்ததும், பம்ப்பை இரண்டு கைடு பைப்பில் பொருத்தி, செயின் பிளாக் போட்டு மேலிருந்தே தூக்கும்படி மாற்றச் சொன்னார். டேங்குக்கு முன்னால் பஞ்சு பிடிக்க ஸ்கிரீன், தொட்டியின் இரண்டு பக்கமும் திறக்கக் கூடிய மூடி, விடுமுறையில் நிறுத்தாமல் ஓட ஒரு சின்ன புளோயர். பெரிய செலவில்லை. அதற்குப் பிறகு பம்ப்புக்காக எங்கள் தொட்டிக்குள் ஒருவரும் இறங்கவில்லை. பொறியியல் ஆலோசனை என்றால் எனக்கு இதுதான். மாஸ்க் போடு, பெல்ட் கட்டு என்பதெல்லாம் அதற்கு அடுத்த படி.

இதை ஏன் மற்ற இடங்களில் செய்வதில்லை? சுற்றுச்சூழல் ஒரு ஃபைல், பாதுகாப்பு இன்னொரு ஃபைல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு (பட்டறை இயங்குவதற்கான அனுமதி) ஒரு கன்சல்டன்ட் வருவார். அவர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு), சி.ஓ.டி. (மாசின் அளவு) பார்ப்பார். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு வேறொருவர் வந்து மெஷினுக்குப் போடும் பாதுகாப்புத் தடுப்பு, தீயணைப்பான், அவசர வழி பார்ப்பார். தொட்டி முதலாமவருக்கு வெறும் கொள்ளளவு, இரண்டாமவருக்கு 'அது ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சம்பந்தப்பட்டது'. சொந்தமாகப் பாதுகாப்பு அதிகாரி வைக்கும் கட்டாயமும் எங்களுக்கு இல்லை. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் அதற்கு 1,000 தொழிலாளர்கள் வேண்டியிருந்தது, பணியிடப் பாதுகாப்புக்கான புதிய சட்டத்தொகுப்பில் பொதுவாக 500. நூறு பேரை வைத்து ஓட்டுகிற பட்டறைக்கு வெளியிலிருந்து வரும் ஆலோசகர்தான் எல்லாம்.

திருப்பூருக்கு இது இன்னும் முக்கியம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஜீரோ டிஸ்சார்ஜ் இல்லாமல் இங்கே இனித் தொழில் இல்லை என்று ஆனது. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்கள் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றால், ஆற்றில் கலந்த அத்தனையும் இனி மதிலுக்குள் தங்குகிறது. டேங்குகள் கூடின, ஸ்லட்ஜ் என்கிற சேறு கூடியது, ஆர்.ஓ. ரிஜெக்ட் (வடிகட்டி ஒதுக்கும் உப்புநீர்), அதை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், உப்பு எல்லாம் வந்தன. ஆற்றுக்கு நீங்கிய அபாயத்தில் ஒரு பங்கு தொழிலாளியின் பக்கம் நகர்ந்திருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்து எழுதிய ஒரு திட்ட அறிக்கையைக்கூட நான் பார்த்ததில்லை.

ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று நடந்தது நினைவிருக்கும். தோல் கழிவுகளுக்கான பொது சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு சுற்றுச்சூழல் கட்டுமானத்தின் பலவீனம் நேராகத் தொழிலாளியின் உயிரில் போய் முடிந்தது. இரண்டையும் தனித்தனி ஃபைலாக வைத்திருக்க அதற்கு மேலும் நமக்கு நியாயம் இருந்ததா?

சட்டம் புதிதாக வேண்டாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவிலேயே, வாயு இருக்கக் கூடிய தொட்டிக்குள் ஒருவர் நுழைவதற்கு முன் தகுதியுள்ள ஆள் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும் பெல்ட்டும் மாட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதில் சொன்னது நடைமுறைக்கு வர வாரியம் இசைவாணை புதுப்பிக்கும்போது சில கேள்விகளைச் சேர்த்தால் போதும். இந்தத் தொட்டியை ஆள் இறங்காமல் எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? இறங்கியே ஆக வேண்டுமென்றால் யார் சோதிப்பார், யார் மேலே நிற்பார்? பதிலுக்குக் கீழே கன்சல்டன்ட் தன் பெயரோடு கையெழுத்துப் போடட்டும், அந்தப் பக்கம் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டப்படட்டும்.

சிறு பட்டறைகளால் எல்லாக் கருவியும் வாங்க முடியாது என்பது உண்மைதான். நான்கு வாயு காட்டும் மீட்டர், புளோயர், ஆளை மேலே தூக்க உதவும் ட்ரைபாட், பெல்ட், சுவாசக் கருவி ஒரு செட்டைப் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் வைத்து, பயிற்சி பெற்ற இரண்டு பேரோடு உறுப்பினர் பட்டறைகளுக்கு அனுப்பலாம். தீபாவளி விடுமுறை முடிந்து பட்டறைகள் திறக்கும் வாரத்துக்கு முன்பே இதைத் தொடங்கும்படி, சாயப்பட்டறை உரிமையாளர்களையும் மாவட்ட நிர்வாகத்தையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சாயப்பட்டறை லேப் கெமிஸ்ட்,
திருப்பூர்.